சல்பேட்டுச் சாக்கும் சுண்ணாம்புக் குழியும்

தரங்கம்பாடிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் என்னைப் போனில் பிடித்தார். புதிதாக ஒரு மீட்டர் வாங்கியிருக்கிறாராம். பேனா மாதிரி இருக்குமாம், தண்ணீரில் முக்கினால் அம்மோனியா எவ்வளவு என்று எண்ணாகவே காட்டிவிடுமாம். "காலையிலயும் அதே நம்பர்தான் மேடம், மத்தியானமும் அதே நம்பர்தான். ஆனா மத்தியானம் ஆச்சுன்னா இறாலெல்லாம் கரையோரமா வந்து ஒதுங்குது. மீட்டர் பொய் சொல்லுதா?" என்று கேட்டார். பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொல்கிறது என்றேன். வெயில் ஏற ஏறப் பாசி தண்ணீரைக் காரமாக்கும், அப்போது அதே எண்ணுக்குள் இருக்கும் சாதுவான சரக்கு முரட்டுச் சரக்காக மாறும், காரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள் என்றேன்.

"இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல மேடம் இருக்கு?" என்றார் அவர். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நானும் படித்துப் பரீட்சை எழுதித்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் எனக்கு அது புரிந்த இடம் குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் குட்டைக்கரை. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் தஞ்சாவூரில் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சம்பளம், வெள்ளைக் கோட்டு, உட்கார நாற்காலி எல்லாம் ஒரே நாளில் கிடைத்ததால் முதல் வாரம் முழுக்கத் தலைகால் புரியவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன்.

எனக்கு மேலதிகாரி அறவாழி சார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, நீளமானது. கட்சி மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர், காலேஜில் படிக்கும்போதே பெயரைத் தூய தமிழில் மாற்றிக்கொண்டார். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் "வாங்க", டீக்கடைக்காரருக்கும் "வாங்க". அதோடு விட்டாலும் பரவாயில்லை. சோதனைக்கு வரும் தண்ணீர் பாட்டில்களுக்கும் அதே மரியாதைதான். பாட்டிலை வாங்கி மேஜையில் வைத்ததும் மூன்று கேள்வி கேட்பார்: "இவங்க எங்கேருந்து வர்றாங்க? எப்பக் கிளம்புனாங்க? வழியில என்ன சாப்பிட்டாங்க?"

எந்த இடத்தில் எடுத்த தண்ணீர், எந்த நேரத்தில் எடுத்தது, கெடாமல் இருக்க அதில் எதையாவது சேர்த்தார்களா என்பதுதான் அந்த மூன்றுக்கும் அர்த்தம். இந்தப் பதில்கள் இல்லாமல் அவர் மூடியைத் திறக்க மாட்டார். முதலில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. வெளியில் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

அம்மோனியாவோடு எனக்கு முதல் சண்டை வந்தது சேர்ந்த புதிதில். பாதரசம் சேர்ந்த ஒரு கரைசல் உண்டு. அதைச் சில சொட்டு விட்டால், அம்மோனியா உள்ள தண்ணீர் மஞ்சளாகும். நிறைய இருந்தால் பழுப்பாகவே ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும், அது நிறம் மாறக் கூடாது. எனக்கோ அது தினமும் மாறியது. காலையில் செய்தால் பளிங்கு மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு மேல் செய்தால் மஞ்சள். குப்பிகளைக் கழுவிக் கழுவிக் கை தோல் உரிந்தது, வேலை போய்விடும் என்று அழுகையே வந்துவிட்டது. அறவாழி சார் வந்தார். குப்பியைப் பார்க்கவில்லை, தராசைப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

"செல்விம்மா, இந்த ஜன்னலுக்குப் பின்னாடி என்ன சந்து?"

"தெரியலியே சார்."

"பக்கத்து ஆபீஸ்காரங்க டீ குடிச்சிட்டு ஒதுங்கறதுக்கு நேரா இங்கதான் வர்றாங்க. அவங்க அம்மோனியா காத்துல வந்து உங்க தண்ணில இறங்குது. டீ டயத்துக்கு அப்புறம் இதைத் திறக்காதீங்க."

ஜன்னலை மூடினேன். மஞ்சள் நின்றது. அன்று முதல் பக்கத்து அலுவலகத்துக்காரர்களைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர்களில் ஒருவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு பெண் கேட்டே வந்துவிட்டார், அது வேறு கதை.

கோப்புகள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த காலம் அது. சாருக்கு அதில் ஏக சந்தோஷம். அம்மோனியாவுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைக்காமல் விடுவதில்லை என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தார். கடைசியில் அலுத்துப்போய் அம்மோனியா என்றே எழுதினார். "இவங்க எங்க போனாலும் பேரை விட மாட்டாங்க போல. குணத்தை மட்டும் மாத்திக்கிறாங்க" என்றார் பெயரை மாற்றிக்கொண்டவர்.

அது உண்மைதான். தண்ணீரில் அம்மோனியா இரண்டு விதமாக இருக்கும். தண்ணீர் கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்திருந்தால், அது தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு அம்மோனியம் ஆகிவிடும். மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இருக்கும். மணக்காது, ஆவியாகாது, நெற்பயிர் ஆசையாக உறிஞ்சிக்கொள்ளும். நம் வயலில் போடும் சல்பேட்டு உரத்தில் இருப்பது இதுதான். தண்ணீரில் காரம் ஏறினால் வாங்கிய ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய அம்மோனியா ஆகிவிடும். அப்போது மூக்கைப் பிய்க்கும். மீனின் செவுள் வழியாக நேரே ரத்தத்தில் இறங்கும். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் அளப்பது இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரம்தான் சொல்லும். இதை நான் பரீட்சையில் சமன்பாடாக எழுதி முழு மார்க் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு பொங்கல் முடிந்த கையோடு ஒரு கான்ஸ்டபிள் சோடா பாட்டிலில் தண்ணீரோடு வந்து நின்றார். கூடவே கிழிந்த ஓர் உரச் சாக்கு. சார் வழக்கம்போல் எழுந்து, "வாங்க, வாங்க. எங்கேருந்து வர்றாங்க? வழியில என்ன சாப்பிட்டாங்க?" என்றார்.

கான்ஸ்டபிள் விழித்தார். "பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி சாப்பிட்டேன் சார்."

"உங்களை இல்லைங்க. இவங்களைக் கேட்டேன்" என்று சார் பாட்டிலைக் காட்டினார்.

நல்லவேளை, அந்த மனிதருக்குப் பதில் தெரிந்திருந்தது. தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க ஊர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அதில் சில சொட்டு ஆசிட் விட்டாராம். சார் அதைக் குறித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் ஒரு சின்னக் குட்டை. மேற்குக் கரையில் நிலக்காரர்கள் இருக்கும் மேலத்தெரு, கிழக்குக் கரையில் கூலிக்காரர்கள் இருக்கும் கீழத்தெரு. குட்டை மீனைக் குத்தகை எடுத்தவர் மேலத்தெருப் பெரிய நிலக்காரர் கோவிந்தராசு. பொங்கலுக்கு முந்தின நாள் அத்தனை மீனும் செத்து மிதந்தது. அந்த வருடம் அறுவடைக் கூலிக்காக அவருக்கும் கீழத்தெருக்காரர்களுக்கும் பெரிய தகராறு. சங்கத்துக்காரர்கள் சிவப்புக் கொடியோடு வரப்பில் நிற்க, அவர் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத்தில் முன்னால் நிற்கும் மாணிக்கம் என்பவர் முதல் நாள் சாயங்காலம் குட்டையில் சாக்கிலிருந்து எதையோ உதறியதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். மாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் அறிக்கை வந்ததும் கேஸ் எழுதி உள்ளே தள்ளுவதாக சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானமே மாணிக்கத்தின் மனைவி பவுனு பஸ் ஏறி வந்துவிட்டார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து என்னை டாக்டர் என்றே நினைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, அவரு சாக்குதான் அலசினாரு. ஐயா வீட்டு உரக் கொட்டாயி ஒழுகி சல்பேட்டு கட்டி தட்டிப் போச்சு. சாக்கை அலசி எடுத்துக்கடான்னு அவங்கதான் கொடுத்தாங்க. அறுத்தா கூலி நெல்லு கட்டணுமே, அதுக்குச் சாக்கு வேணும்ல? இப்ப கேட்டா, சாக்குதான் கொடுத்தேன், உள்ள என்ன போட்டு எடுத்துட்டுப் போனானோன்னு சொல்றாங்கம்மா."

"பாத்துச் சொல்றேன், நீங்க உட்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. என் அம்மாவும் எந்த ஆபீஸிலும் உட்கார மாட்டார்.

கரைசலை விட்டேன். தண்ணீர் கடும் பழுப்பாகிவிட்டது. சல்பேட்டுக்கும் சோதித்தேன், பால் மாதிரி வெளுத்தது. சாக்கில் ஒட்டியிருந்ததும் அதே சரக்கு. சந்தேகமே இல்லை, மாணிக்கம் உதறியது குட்டைத் தண்ணீர் முழுக்க இருக்கிறது. இதை அப்படியே எழுதினால் அந்த மனிதர் ஜெயிலுக்குப் போவார். எழுதாமல் இருக்க என்னால் முடியாது. சாரிடம் போய்க் குப்பியை வைத்துவிட்டு, "சார், நீங்களே எழுதுங்க, என் கையால வேண்டாம்" என்றேன்.

சார் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உரம் இருக்குன்னு தாராளமா எழுதுங்கம்மா. ஆனா உரத்தாலதான் மீன் செத்துச்சுன்னு இவங்க சொன்னாங்களா?"

"இவ்வளவு இருக்கே சார்."

"இருக்கறது எந்தக் குணத்துல இருக்கு? ஆசிட் விட்டுக் கொண்டாந்திருக்காங்க. அதனால இங்க வர்றப்போ எல்லாம் சாதுவா வந்திருக்கு. குட்டையில இருந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு இந்த பாட்டில் சொல்லாதும்மா. சாதுவா இருந்திருந்தா இந்த அளவுக்கு மீன் கொஞ்சம் திணறும், மொத்தமும் சாகாது. யாரோ குணத்தை மாத்தி விட்டிருக்காங்க. போய்ப் பாத்துட்டு எழுதுவோம்."

எனக்கு அந்த நேரத்தில் அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. சுயமரியாதைக்காரர், விழுந்தால் திட்டுவார் என்பதால் பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டேன். பவுனுவும் எங்களோடேயே ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை குட்டைக்கரையில் ஊரே கூடியிருந்தது. மேலத்தெரு ஒரு கரை, கீழத்தெரு எதிர்க்கரை, நடுவில் நாறும் தண்ணீர். இடத்தை அடையாளம் காட்டச் சொல்லி மாணிக்கத்தையும் ஜீப்பில் கொண்டுவந்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர். ஒல்லியான ஆள், ஸ்டேஷன் தரையில் படுத்துச் சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. பவுனு அவரைப் பார்த்ததும், "சாப்ட்டியா?" என்று மட்டும் எதிர்க்கரையிலிருந்து கத்தினார்.

நான் சிவப்பு லிட்மஸ் தாளை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தேன். காரம் பட்டால் அது நீலமாகும். கீழத்தெருப் பக்கம் சேற்றில் வைத்தேன், மாறவில்லை. சுற்றி வந்து மேலத்தெருப் படித்துறையில் வைத்ததும் பளிச்சென்று நீலம். குனிந்து பார்த்தால் கடைசிப் படிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். மேலத்தெருவில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள்.

"சார், இங்க வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற கொக்கு பறந்துவிட்டது.

சார் வந்து படியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோவிந்தராசுவிடம் மிகுந்த மரியாதையோடு, "ஐயா, படியெல்லாம் வெள்ளையா இருக்கே, என்னங்க?" என்று கேட்டார்.

கோவிந்தராசு நல்ல உடம்புக்காரர், பேசும்போதே மேல்துண்டைச் சரி செய்துகொள்வார். அவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். "நான்தான் சார் கொட்டச் சொன்னேன். வெள்ளையடிச்சது போக சுண்ணாம்புக் குழியில பாதிக்கு மேல மிச்சம். குளத்துக்குச் சுண்ணாம்பு போட்டா மீன் கொழுக்கும்னு மீன் குஞ்சு வித்தவன் சொல்லியிருந்தான். வீணாப் போகுதேன்னு மொத்தத்தையும் வழிச்சுக் கொட்டியாச்சு."

"எப்பங்க?"

"பொங்கலுக்கு முந்தின நாள் விடியக்காலம்."

மாணிக்கம் சாக்கை உதறியது அதற்கு முந்தின சாயங்காலம். சாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

சார் அவசரப்படவில்லை. குட்டையின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தார். எத்தனை சாக்கு, எவ்வளவு கட்டி, குழியில் எவ்வளவு சுண்ணாம்பு என்று இரண்டு தரப்பையும் கேட்டுக் கணக்குப் போட்டார். மூன்று புதுப் பொங்கல் பானைகளை வாங்கி, கோவிந்தராசு வீட்டு ஆளை விட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பச் சொன்னார். முதல் பானையில் அந்தக் கணக்குக்குச் சல்பேட்டுக் கட்டி. இரண்டாவதில் அதே கணக்குக்குச் சுண்ணாம்பு. மூன்றாவதில் இரண்டும். கீழத்தெருக்காரர்கள் வாய்க்காலில் துண்டு போட்டுக் கெண்டைக் குஞ்சு பிடித்து வந்தார்கள். ஒவ்வொரு பானையிலும் கொஞ்சம் விட்டோம்.

முதல் பானையில் மீன் நீந்தியது. இரண்டாவதிலும் நீந்தியது. மூன்றாவதில் விட்ட கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன, பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்தன.

அடுத்து சார் ஒரு தம்ளரில் கொஞ்சம் கட்டியையும் சுண்ணாம்பையும் கெட்டியாகக் குழைத்தார். "ஐயா வாங்க, வந்து மோந்து பாருங்க. மெதுவா" என்றார். கோவிந்தராசுவுக்கு மெதுவாக என்ற வார்த்தையே பழக்கமில்லை. மூக்கைக் கொண்டுபோய் ஒரே இழுப்பாக இழுத்தார். கண்ணில் மாலை மாலையாகத் தண்ணீர், நாலு அடி பின்னால் போய் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கரையும் சிரித்தது. மேலத்தெருக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள், அதை நான் கவனித்தேன்.

"அப்ப கேஸை யார் மேல எழுதறது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், தலையைச் சொறிந்துகொண்டு.

"எழுதினா ரெண்டு பேர் மேலயும் எழுதணும்ங்க" என்றார் சார். "ஒருத்தர் மேல மட்டும் எழுதறதுக்கு வேதியியல்ல இடம் இல்லை. அறிக்கையில அப்படித்தான் கொடுப்போம்."

கோவிந்தராசு மாமரத்தடியிலிருந்தே கையை வீசினார். "கேஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். விட்டுத் தொலைங்க."

மாணிக்கத்தை விட்டுவிட்டார்கள். ஓடிப் போவார் என்று பார்த்தால், அவர் ஜீப் பக்கம் போய் நின்று, "ஐயா, என் சாக்கு?" என்றார். பறிமுதல் செய்த மற்ற சாக்குகள் ஜீப்பில்தான் இருந்தன, பாதிக்குமேல் கட்டி அப்படியே ஒட்டியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் எடுத்துப் போட்டார். மாணிக்கம் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பழக்கதோஷத்தில் குட்டைப் பக்கம் இறங்கினார். "அய்யோ, அங்க வேண்டாம்!" என்று நான் கத்தினேன்.

"பின்ன எங்கம்மா அலசறது?"

சார் சொன்னார்: "கிணத்தடியில அலசுங்க. அலசின தண்ணியைத் தென்னைக்கு விடுங்க. மீனுக்கு ஆகாதது தென்னைக்கு அருமையான சாப்பாடுங்க."

சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்த இடத்தில் கிணறும் தென்னையும் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு வீட்டுக் கொல்லையில்தான். கோவிந்தராசு வீட்டுக் கொல்லை. கீழத்தெருக்காரர்கள் அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தொட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தள்ளி நின்று குடத்தை நீட்ட வேண்டும், வீட்டு ஆள் இறைத்து ஊற்றுவான். சட்டம் என்ன சொன்னாலும் அந்த ஊரில் அப்படித்தான். என் அம்மாவும் ஆயுசு முழுக்க அப்படி நின்றவர்தான். எல்லோரும் கோவிந்தராசுவைப் பார்த்தார்கள்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் மனமாற்றம் ஒன்றும் தெரியவில்லை, கணக்குத்தான் தெரிந்தது. "தென்னைக்கு நெசமாவே நல்லதா சார்? காய் பிடிக்குமா?"

"நல்லாப் பிடிக்கும்ங்க."

"எல்லாச் சாக்கும் அலசினா எல்லா மரத்துக்கும் காணுமா?"

"காணும்ங்க."

துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். "சரி, சரி, வந்து அலசட்டும். காசு கொடுத்து வாங்கின உரம், எதுக்கு வீணாக்கணும்?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அந்த வருடம் அறுவடைக்கு வெளியூர் ஆள் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கூலிப் பேச்சு எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

மாணிக்கமும் பவுனுவும் சாக்கோடு கொல்லைக்குள் போனார்கள், பின்னாலேயே நானும் போனேன். கிணற்றடிக்கு வந்ததும் மாணிக்கம் தயங்கி, வழக்கமாக இறைத்து ஊற்றும் ஆளைத் தேடினார். பவுனு தேடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து வாளியை விட்டார். உருளை கிறீச்சிட்டது. வாளி மேலே வந்ததும் சாக்கில் ஊற்றுவார் என்று பார்த்தேன். ஊற்றவில்லை. வாளியைக் கல்லில் வைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தார். நிதானமாக இன்னொரு கை குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, என் பையிலிருந்த பாட்டில்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இதை டெஸ்ட்டு பண்ண வேண்டாம் டாக்டரம்மா. நல்ல தண்ணிதான், நான் பாத்துட்டேன்."